ஜீப் சத்தமும் பன்னிரண்டு பட்டுச் சிட்டங்களும்

முப்பத்து நான்கு வருடப் பணியில் எனக்கு ஒரே ஒரு மெமோதான் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் ஏதோ விருதுச் சான்றிதழ் என்று நினைத்துக் கிட்டே போய்ப் படித்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் காபியைக் குடிக்கிறார்கள். "ஆறு தெருக்களில் திடீர் ஆய்வை வேண்டுமென்றே நிறுத்தி வைத்து, அரசு விதியைச் சோதனைப் பொருளாக்கியது ஏன் என்பதற்கு விளக்கம் அளிக்கவும்" என்று அதில் இருக்கிறது. ஆமாம், விதியைச் சோதனைப் பொருளாக்கினேன். அதைச் செய்யாமல் கழித்த வருடங்களுக்குத்தான் எனக்கு மெமோ கொடுத்திருக்க வேண்டும்.

புதிதாக ஆய்வாளர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். மாதிரி எடுப்பது, பாட்டிலுக்கு சீல் வைப்பது, எந்தப் பிரிவில் நோட்டீஸ் எழுதுவது எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்க்க எதுவுமில்லை. நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும், அதைத் திருத்தப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் மட்டும் சொல்கிறேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் காஞ்சிபுரத்துக்கு மாற்றலாகி வந்தேன். சாயப்பட்டறைகளிலிருந்து வெளியேறும் தண்ணீரைக் கண்காணிப்பது என் வேலை. பட்டறை என்றால் பெரிய ஆலைகளை நினைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டின் பின்கட்டில் இரண்டு செப்புக் கொப்பரை, அடுப்பு, நிழலில் நூல் காயப்போட ஒரு கொடி, அவ்வளவுதான். கொப்பரையில் வெந்து வரும் பட்டு நூலின் மிச்சச் சாயம் தெருச் சாக்கடைக்குப் போகும். சாக்கடை கால்வாய்க்குப் போகும். கால்வாய் செவிலிமேட்டுப் பக்கம் போய் மண்ணில் இறங்கும்.

விதி தெளிவாக இருந்தது. ஒவ்வொரு பட்டறையிலும் வரைபடத்தில் உள்ளபடி ஒரு சிமென்ட் தொட்டி கட்ட வேண்டும். சாயத் தண்ணீரை அதில் விட்டுத் தெளிய வைத்த பிறகுதான் வெளியே விட வேண்டும். தொட்டியைத் தவிர வேறு எந்தப் பாத்திரத்தில் சாயத் தண்ணீர் தேங்கியிருந்தாலும் குற்றம். முதல் மாதம் நான் பார்த்த எல்லா வீட்டிலும் தொட்டி இருந்தது. எல்லாத் தொட்டியும் துடைத்து வைத்தது போல உலர்ந்து கிடந்தது. ஒரு வீட்டில் அதில் விறகு அடுக்கியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் தொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்ததாம், அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. நம்மை ஏமாற்றுகிறார்கள் என்ற ஒரே எண்ணம்தான் மண்டையில் ஓடியது. வாரம் ஒருமுறை என்றிருந்த திடீர் ஆய்வை நான்காக்கினேன். எங்கள் அலுவலக ஜீப்பின் சைலன்சரில் ஓட்டை. இரண்டு தெரு தள்ளி வரும்போதே சத்தம் கேட்கும். அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவே இல்லை. எத்தனை தெரு போனோம், எத்தனை நோட்டீஸ் கொடுத்தோம் என்று மேலே எழுதி அனுப்பினோம், மேலே இருந்தவர்களும் மகிழ்ந்தார்கள். சாக்கடையில் என்ன போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர்தான். ஸ்டெல்லா. அரசு மருத்துவமனை லேபில் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கும் வேலை பார்த்தார். செவிலிமேட்டில் கால்வாய் ஓரத் தெருவில் வீடு. அந்தத் தெருக்காரர்களின் முந்தின தலைமுறை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இந்தத் தலைமுறையில் ஒருவர் பஸ் கண்டக்டர், ஒருவர் எலக்ட்ரீசியன், ஸ்டெல்லா லேபில். ஊர்க் கிணற்றில் அவர்களை நெடுங்காலம் சேர்க்கவில்லை என்பதால், தெருவே சேர்ந்து மண்வெட்டியைப் பிடித்துத் தங்களுக்கென்று ஒரு கிணறு தோண்டியிருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு திங்கட்கிழமை மனுநாளுக்கும் ஸ்டெல்லா ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரோடு வருவார். தேதி எழுதி லேபிள் ஒட்டியிருக்கும். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வேன். "நான் உக்காந்து பேச வரல மேடம். பதில் வந்தா உக்காறேன்" என்பார். நின்றபடியே பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிறது என்று போய்விடுவார். அந்த நாற்காலி எனக்கு எதிரில் காலியாகக் கிடந்து என்னை எரிச்சல்படுத்தும்.

அந்த எரிச்சலில்தான் நான் அளந்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன். ஒவ்வொரு தண்ணீர் மாதிரியையும் சென்னைக்கு அனுப்பி முடிவு வருவதற்குள் பருவமே மாறிவிடும். ஆகவே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். கடைத்தெருவில் வெள்ளைப் பருத்தி நூல் வாங்கிச் சிறு சிறு கற்றையாகக் கட்டி, தெருச் சாக்கடைகள் கால்வாயில் விழும் இடங்களில் ஒரு வாரம் தொங்கவிட்டேன். நூல் எவ்வளவு நிறம் ஏறியிருக்கிறதோ அவ்வளவு சாயம் ஓடியிருக்கிறது என்று கணக்கு. எடுத்து அலசினால் சேறு போய் எல்லாம் வெள்ளையாக வந்தன. நான்கு மடங்கு ஆய்வு வேலை செய்கிறது என்று நினைத்து அன்று எனக்கு நானே ஒரு மசால் தோசை வாங்கிச் சாப்பிட்டேன்.

"சாக்கடைகளில் சாயக் கழிவு கணிசமாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது" என்று அறிக்கை எழுதினேன். எங்கள் மேலதிகாரி அதை ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று படித்தார். பாராட்டு வந்தது. ஸ்டெல்லாவின் மனுவில் "குறை களையப்பட்டது" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு மூடினேன். அவருக்கு ஒரு தபால் கார்டும் போனது.

அடுத்த திங்கள் ஸ்டெல்லா வந்தார். பாட்டில் முன்பைவிட மஞ்சளாக இருந்தது. குரலை உயர்த்தவில்லை.

"மனுவ மூடிட்டதா கார்டு வந்துது மேடம். கிணத்துக்கு யாராவது கார்டு போட்டாங்களா?"

பருத்தி நூல் கற்றையை எடுத்துக் காட்டி, சாக்கடையில் சாயம் இல்லை என்று விளக்கினேன். அவர் அதை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்தார். "எங்க லேபுல சர்க்கரை இருக்குதான்னு பாக்கறதுக்கு முன்னாடி, குளுக்கோஸ் கரைச்ச தண்ணிய வெச்சு மருந்து வேலை செய்யுதான்னு பாப்போம் மேடம். இந்த நூல நீங்க சாயத்துல போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்.

போட்டுப் பார்க்கவில்லை. அன்று மாலையே சின்ன காஞ்சிபுரத்தில் நரசிம்மலு என்பவரின் பட்டறைக்கு நடந்து போனேன். என் வயதுக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என்னிடம் இரண்டு முறை நோட்டீஸ் வாங்கியவர். ஜீப் இல்லாமல் நான் தனியாக வந்து நின்றதும் குழம்பிப் போனார். கற்றையைக் கொடுத்து, கொப்பரையில் ஒருமுறை முக்கித் தரும்படி கேட்டேன். வாங்கி விரலால் நெருடியதுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது பருத்தியாச்சே மேடம். பட்டுக்குப் போடற சாயம் பருத்தியில நிக்காது. அலசினா ஓடிடும். இத வெச்சா அளந்தீங்க?"

முக்கிக் காட்டினார். அரக்குச் சிவப்பில் போன நூல், ஒரு குடம் தண்ணீரில் அலசியதும் லேசான ரோஸ் நிறத்தோடு திரும்பி வந்தது. பட்டுக்குப் பேர்போன ஊரில், ஊரே சிரிக்கும்படி, பருத்தியை வைத்துப் பட்டுச் சாயத்தை அளந்த அதிகாரி நான். காது சூடாகிவிட்டது. அவர் என்னைச் சங்கடப்படுத்த விரும்பாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார்.

"பட்டுலயே தொங்க விடுங்க. நெசவுக்கு ஆகாத கழிவுச் சிட்டம் என்கிட்ட கிடக்குது, எடுத்துக்கினு போங்க" என்றார். அவர்கள் நூல் கற்றையைச் சிட்டம் என்பார்கள். நான் நகராமல் நின்றேன். அந்தத் தொட்டியை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்று கேட்டேன். அத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை நான் ஒருவரிடமும் கேட்டதில்லை, குற்றமாகத்தான் எழுதியிருந்தேன்.

"சோடா போட்டுக் கொதிக்கிற தண்ணி மேடம். ஊத்தினா நாலே மாசத்துல சிமென்ட் விட்டுடும். வெடிச்சா அதுக்கும் நீங்கதான் நோட்டீஸ் குடுப்பீங்க. அதான் சும்மா வெச்சிருக்கோம்." சற்று நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "முன்னெல்லாம் மிச்சத் தண்ணிய பீப்பாயில எடுத்து வெச்சிக்குவோம். இன்னிக்கி மிஞ்சின சிவப்பு, நாளைக்கி அரக்குக்கு ஆகும். இப்ப பீப்பாயில இருந்தா கேஸு. ஜீப் சத்தம் கேட்டுதுன்னா தெருவே கொப்பரையையும் பீப்பாயையும் சாக்கடையில கவுத்துடும். நானும்தான்."

நான் வீட்டுக்கு நடந்தே திரும்பினேன். வாரம் ஒருமுறை கவிழ்ந்துகொண்டிருந்த பீப்பாய்களை வாரம் நான்கு முறை கவிழ்க்க வைத்தது என் ஜீப். ஸ்டெல்லாவின் கிணற்றில் மஞ்சளைக் கூட்டியது என் சுறுசுறுப்பு. இதை உங்களிடம் எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் மேலதிகாரியிடம் போய், அறிக்கை தவறு, திருத்தி அனுப்ப வேண்டும் என்றேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது, பயந்த மனிதர். "இந்தாம்மா, அது மேல போயாச்சு, கூட்டத்துல படிச்சாச்சு. இப்ப போய் நூல் தப்புன்னா ஊரே சிரிக்கும். அடுத்த அறிக்கைல மெல்ல சரி பண்ணிக்கலாம்" என்றார். அடுத்த அறிக்கை வரை அந்த மனு மூடியே கிடக்கும் என்றேன். மூடிய மனுக்கள் ஆயிரம் இருக்கிறது, இதில் என்ன என்றார். நான் என் இருக்கைக்கு வந்து கோப்பை எடுத்து, "என் முந்தைய அறிக்கை தவறான அளவீட்டின் அடிப்படையிலானது. மனு மீண்டும் திறக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் போட்ட கையெழுத்தை நானே அடித்தேன். அதற்கு யாருடைய அனுமதியும் எனக்குத் தேவைப்படவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நரசிம்மலு சொன்னதை அப்படியே நம்பி, ஆய்வை நிறுத்துங்கள் என்று நான் எழுதியிருந்தால் அதுவும் முட்டாள்தனம்தான். நோட்டீஸ் வாங்கிய ஒருவர், நோட்டீஸ் கொடுப்பவரிடம் ஆய்வு வேண்டாம் என்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம், அவருக்கு வசதியாகவும் இருக்கலாம். ஒரு நம்பிக்கையை எடுத்துவிட்டு இன்னொரு நம்பிக்கையை வைப்பதற்கு நமக்குச் சம்பளம் தேவையில்லை. இரண்டையும் ஊரில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

சட்டப் புத்தகத்தை மறுபடி படித்தேன். எந்தத் தெருவுக்கு எப்போது ஆய்வுக்குப் போவது என்பது ஆய்வாளரின் முடிவு என்று இருந்தது. குறையைச் சரிசெய்ய அவகாசம் தரலாம் என்றும் இருந்தது. எனக்கு அது போதும். பட்டறைகள் இருந்த பன்னிரண்டு தெருக்களில் ஆறில் வழக்கம் போல ஜீப் போகும். ஆறில் ஜீப் போகாது. அங்கே அவகாசம் கொடுத்து, மிச்சச் சாயத்தைப் பீப்பாயில் ஆறவைத்து மறுபடி பயன்படுத்தலாம் என்று சொல்லி, முன்கூட்டியே நாள் சொல்லி நடந்துபோய்ப் பார்ப்பேன். எல்லாத் தெருவிலும் பட்டுச் சிட்டம் தொங்கும்.

மேலதிகாரி காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "விதிய வெச்சு சோதனை பண்ண நீ யாரும்மா?"

"விதி போட்டப்பவே சோதனை ஆரம்பிச்சாச்சு சார். என்ன ஆச்சுன்னு யாரும் எட்டிப் பாக்கல. நான் பாக்கறேன்."

அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் எழுதவில்லை. காகிதத்தை மேஜை டிராயரில் போட்டு மூடினார். எழுத்தில் தடுக்காத வரை என் அதிகாரம் என் கையில் என்று எடுத்துக்கொண்டேன்.

அவரைவிடக் கடினமான கேள்வி ஸ்டெல்லாவிடமிருந்து வந்தது. "அந்த ஆறு தெருத் தண்ணியும் எங்க கிணத்துக்குத்தான வருது? நீங்க சோதனை பண்ண எங்க கிணறுதான் கெடச்சுதா மேடம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை யாராவது உங்களிடம் கேட்காவிட்டால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது பன்னிரண்டு தெருத் தண்ணீரும் வந்துகொண்டுதான் இருக்கிறது, நான் ஒன்றும் புதிதாகச் சேர்க்கவில்லை என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், இரண்டாவது வாரத்தில் ஜீப் போகாத தெருக்களின் சிட்டம் அதிகக் கருப்பாக இருந்தால் அன்றே நிறுத்திவிடுவேன் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

"சிட்டத்துல தெருப் பேரு எழுதாதீங்க. நம்பர் மட்டும் போடுங்க. பேரப் பாத்தா கண்ணு மாறிடும். எங்க லேபுல டாக்டர் வூட்டு ரத்தம் வந்தாகூட நம்பர்தான்."

எந்தத் தெரு எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தோம். நானே பிரித்தால் எனக்குப் பிடித்தவர்களுக்குச் சலுகை என்பார்கள், உண்மையிலேயே அப்படிப் பிரித்தாலும் பிரித்திருப்பேன். சாயப்பட்டறைக்காரர்கள் சங்கத்தின் தலைவரை அழைத்து, செம்பில் கைவிட்டு அவரையே எடுக்கச் சொன்னேன். பெரிய பட்டறைக்காரர், கட்சிக்காரர்களோடு பழக்கமுள்ளவர், கையில் எப்போதும் ஒரு தோல் பை. முதல் ஆறு சீட்டு ஜீப் போகும் தெருக்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன். நான்காவது சீட்டில் அவருடைய தெருவை அவரே எடுத்தார்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நின்றார். "ஒரே ஒரு சீட்டுதான மேடம். எங்க தெருவ அந்தாண்ட மாத்திடுங்க, வேற எத வேணா இந்தாண்ட போட்டுக்கங்க. யாருக்குத் தெரியப் போவுது" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். சாயங்காலத்துக்குள் இரண்டு தொலைபேசி வந்தது, ஒன்று மேலதிகாரியிடமிருந்து. "ஒரு தெருதானே, மாத்திக் குடுத்துடேன்மா, இதுல என்ன போச்சு" என்று கெஞ்சினார். மாற்றினால் மொத்தமும் போச்சு சார் என்றேன். செல்வாக்குள்ளவர் எல்லாம் ஒரு பக்கமும் இல்லாதவர் எல்லாம் மறுபக்கமும் சேர்ந்துவிட்டால், நான் அளப்பது சாயமாக இருக்காது, செல்வாக்காக இருக்கும். அவர் போனை வைத்த விதத்திலேயே மெமோ வரப்போகிறது என்று தெரிந்தது. வரட்டும் என்று இருந்தேன்.

அந்த இரண்டு மாதமும் நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. வாரம் நான்கு நாள் ஆறு தெருக்களுக்கு ஜீப்பில் போய், கெடுதல் செய்கிறது என்று நான் சந்தேகப்பட்ட அதே ஆய்வை முழு முனைப்போடு நடத்தினேன். அமாவாசைக்குப் பட்டறைகள் ஓடாது, வைகாசி கருட சேவைக்கு ஊரே நின்றுவிடும். அந்த நாட்கள் எல்லாத் தெருவுக்கும் ஒன்றுபோல வரும்படி நரசிம்மலு நாள் குறித்துக் கொடுத்தார். வாராவாரம் ஸ்டெல்லா டியூட்டி முடிந்து வந்து, சிட்டங்களைக் கழற்றி, நம்பர் அட்டை தைத்து, எந்த நம்பர் எந்தத் தெரு என்ற பட்டியலை உறையில் போட்டு ஒட்டித் தன்னிடமே வைத்துக்கொண்டார். எனக்குக்கூடக் காட்டவில்லை. இரண்டாவது வாரம் மட்டும் உறையைத் தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நிறுத்த வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

கடைசி வாரச் சிட்டங்களை மனுநாள் அன்று அலுவலகக் கூடத்தில் நீள மேஜையில் பரப்பினோம். சங்கத்துக்காரர்கள் வந்திருந்தார்கள், செவிலிமேட்டிலிருந்தும் பத்துப் பேர். மேலதிகாரி தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். வெளுப்பிலிருந்து கருப்புவரை வரிசைப்படுத்தித் தரும்படி சாயக்காரர்களையே கேட்டேன். ஆய்வுக் கருவி எதையும்விட அவர்கள் கண்ணை நான் நம்பினேன். ஒரே சிவப்பில் பத்து வேறுபாடு பார்க்கிற கண்கள் அவை. தலைவர்தான் முன்னால் வந்தார். சிட்டத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பிரித்து, மோந்து, ஒரு கௌரவத்தோடு வேலையைச் செய்தார். அந்த நேரத்தில் அவர் கட்சிக்காரர் அல்ல, சாயக்காரர்.

எல்லாவற்றிலும் கருத்திருந்த ஒரு சிட்டத்தைக் கடைசியில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது எந்தத் தெருவோ தெரில. இந்த மாதிரி ஆளுங்களாலதான் நம்ம எல்லாருக்கும் கெட்ட பேரு."

ஸ்டெல்லா உறையைப் பிரித்து நம்பரைப் பார்த்தார். "உங்க தெருதான் சார்" என்றார்.

தலைவர் பட்டியலைக் கையில் வாங்கிப் படித்தார். மறுபடி சிட்டத்தைப் பார்த்தார். அது அவர் கண் சொன்ன தீர்ப்பு; அதை மறுத்தால் நாளைக்கு எந்த நெசவாளி அவர் போட்ட நிறத்தை நம்புவார்? முகம் சிவந்து, என் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். "பின்ன வாரத்துக்கு நாலு வாட்டி ஜீப்ப வுட்டா நாங்க இன்னா பண்றது? சத்தம் கேட்டா கவுக்கத்தான் செய்வோம். பீப்பாயில வெச்சிருந்தா புடிச்சிக்கினு போயிடுவீங்க."

நான் எத்தனை பக்கம் எழுதினாலும் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்க முடியாது. திறந்திருந்த கதவு வழியாக மேலதிகாரிக்கும் கேட்டிருக்கும். உறையில் இருந்த மற்ற நம்பர்களையும் ஸ்டெல்லா படித்தார். கருத்த பக்கம் முழுக்க ஜீப் போன தெருக்கள், வெளுத்த பக்கம் முழுக்கப் போகாத தெருக்கள், ஒன்றே ஒன்றைத் தவிர. ஜீப் போகாத ஒரு தெரு, கொடுத்த அவகாசத்தை வைத்துக்கொண்டு இஷ்டத்துக்குச் சாக்கடையில் விட்டிருந்தது. அந்த ஒரு சிட்டத்தை விட்டுவிட்டு எழுதினால் அறிக்கை அழகாக இருக்கும் என்று நரசிம்மலுவே காதோடு சொன்னார். அதையும் எழுதினேன். அந்தத் தெருவுக்கு மட்டும் மறுபடி நோட்டீஸ் போனது. ஆய்வே வேண்டாம் என்று நான் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

அந்த வாரம் மெமோ வந்தது. விளக்கத்தில் நான் நான்கு வரிதான் எழுதினேன். விதியை மீறவில்லை, விதி தந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினேன். விளைவு இணைப்பில் உள்ளது. தயவுசெய்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கவும். இணைப்பில் தலைவரின் தெருச் சிட்டத்தையும், மிக வெளுத்த சிட்டத்தையும் ஊசிகுத்தி அனுப்பினேன். பதில் வரவில்லை. மெமோ ரத்தாகவும் இல்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் ஒருமுறை விட்டுப்போனது. ஆனால் அந்தச் சிட்டங்கள் எங்கெங்கோ மேஜை மேஜையாகச் சுற்றி, அடுத்த வருடம் தொட்டி விதியில் ஒரு திருத்தம் வந்தது. பீப்பாயில் வைக்கலாம், மறுபடி பயன்படுத்தலாம், ஆய்வுக்கு நாள் சொல்லிப் போகலாம், தவறினால்தான் திடீர் ஆய்வு. யார் செய்த திருத்தம் என்று அதில் எழுதவில்லை. எனக்கு ஜீப்பின் சைலன்சரையும் மாற்றிக் கொடுத்தார்கள், அதற்குள் அதற்கு அவசியமே இல்லாமல் போயிருந்தது.

உங்களிடமும் சொல்வார்கள், இது ஆய்வுக்கூடம் அல்ல, அரசாங்கம் என்று. சொல்கிறவர்களைப் பார்த்துக் கேளுங்கள்: நீங்கள் போட்ட விதி வேலை செய்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எந்த நூலில் அளந்தீர்கள்? அந்த நூல் முதலில் சாயம் ஏற்குமா? கேட்டால் உங்களைத் திமிர் பிடித்தவர்கள் என்பார்கள். என்னையும் சொன்னார்கள். அந்தப் பெயரோடு நான் நன்றாகத்தான் வாழ்ந்தேன்.

கிணறு உடனே தெளியவில்லை. மண்ணில் இறங்கிய சாயம் மண்ணில்தான் இருக்கும். ஸ்டெல்லா திங்கட்கிழமைகளில் வந்துகொண்டே இருந்தார், பாட்டிலை வைத்துக்கொண்டே இருந்தார். திருத்தம் வந்து இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு திங்கட்கிழமை, இரண்டு பாட்டிலோடு வந்தார். ஒன்று அன்று எடுத்தது. இன்னொன்று நான் மனுவை மூடிய வாரத்தில் எடுத்து அவர் பத்திரமாக வைத்திருந்தது. இரண்டின் லேபிளையும் கையால் மூடிக்கொண்டு மேஜையில் வைத்தார்.

"சொல்லுங்க மேடம். எது பழசு?"

பார்த்தேன். இடது பக்கம் என்றேன். கையை எடுத்துக் காட்டினார், சரிதான். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"ஒரு வாட்டி சரியா சொன்னா ஆச்சா? குருட்டாம்போக்குலகூட வரும். திரும்பிக்கோங்க, மாத்தி வெக்கறேன்."

மனுநாள் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, என் அலுவலகத்தில் நான் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஒருமுறை, இரண்டு முறை, ஐந்து முறை மாற்றி வைத்தார். ஐந்து முறையும் பழைய பாட்டிலைச் சரியாகக் காட்டினேன்.

ஸ்டெல்லா பாட்டில்களைப் பைக்குள் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார். "இப்ப எழுதுங்க மேடம். பாத்திரம் கழுவ ஆகுது. குடிக்க இன்னும் ஆகல. மனுவ மூடக் கூடாது."

அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.